பவளத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர்

2019 செப்டம்பரில் மண்டபத்துக் கரையோரம் கடல் பச்சையானது. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்றார்கள். நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்த நிறம் அது. சில நாட்களில் மீன்கள் செத்து ஒதுங்கின. செய்தித்தாள்களில் அந்த மீன்களின் படம் வந்தது. தண்ணீருக்கு அடியில் நடந்ததைப் பார்க்க ஆள் மூழ்க வேண்டியிருந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிங்கில் தீவை ஒட்டி மூழ்கிப் பார்த்தபோது பவளங்களும் செத்துக்கொண்டிருந்தன. பூங்கோரை மடிந்து அழுகியதில் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது.

எல்லாப் பவளங்களும் ஒரே மாதிரி சாகவில்லை. வேகமாக வளரும் கிளைப்பவளங்களான அக்ரோபோராவும் போசிலோபோராவும், தட்டுத் தட்டாக விரியும் மான்டிபோராவும் முதலில் விழுந்தன. மெல்ல வளரும் உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் தாங்கின. வேகமாக வளரும் உடலுக்கு மூச்சும் அதிகம் வேண்டும். பவளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வெப்பத்தைப் பேசுகிறோம், அமிலத்தைப் பேசுகிறோம், பிளாஸ்டிக்கைப் பேசுகிறோம். அது எப்படி மூச்சு விடுகிறது என்று அநேகமாகப் பேசுவதே இல்லை. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். பவளத்தின் மூச்சு என்பது அதன்மேல் ஓடும் நீரின் வேகம்.

30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் ஒரு லிட்டரில் நிறைவாகக் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 6 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு அதைப்போல நாற்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆகவே கடலில் வாழ்வது எப்போதுமே இழுபறிதான். மீன் செவுள்களைத் திறந்து மூடி நீரைத் தன் உடலுக்குள் ஓடவிடுகிறது. நண்டு இடம் மாறிப் போகிறது. பவளத்துக்குச் செவுள் இல்லை, இதயம் இல்லை, ரத்தக் குழாய் இல்லை, கால் இல்லை. சுண்ணாம்பு எலும்புக்கூட்டின் மேல் மிக மெல்லிய சதை. அந்தச் சதைக்குள் லட்சக்கணக்கான நுண்பாசிகள். ஆக்சிஜன் உள்ளே வருவதும் வெளியே போவதும் எல்லாம் தோல் வழியாகத்தான்.

இங்கே ஒரு தடை இருக்கிறது. எந்தப் பொருளின் மேலும் நீர் ஓடும்போது, பொருளை ஒட்டியிருக்கும் நீர் அசையாது. அதற்கு மேலுள்ள அடுக்கு கொஞ்சம் அசையும். இன்னும் மேலே போனால்தான் முழு வேகம். ஒட்டிக்கிடக்கும் இந்தச் சோம்பலான அடுக்குக்கு எல்லைப்படலம் என்று பெயர். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்கோ திருப்புட்குழிக்கோ போகலாம். சாயம் ஏற்றிய பட்டு நூற்கழியை மூங்கிலில் தொங்கவிட்டிருப்பார்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று அசையாத நாளில் நூல் சீக்கிரம் காயாது. நூலைச் சுற்றி ஈரக்காற்றின் ஒரு போர்வை நின்றுவிடும். லேசாகக் காற்று வீசினால் போதும், போர்வை மெலிந்து ஈரம் வெளியேறிவிடும். நூலுக்கு ஈரம் எப்படியோ பவளத்துக்கு ஆக்சிஜன் அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. பவளத்தில் போக்குவரத்து இரண்டு திசையிலும் நடக்க வேண்டும்.

எல்லைப்படலத்துக்குள் நீரோட்டம் உதவாது. ஆக்சிஜன் மூலக்கூறுகள் தாமாகத் தடுமாறி, முட்டி மோதி நகர்ந்துதான் கடக்க வேண்டும். இதுதான் விரவல். விரவலுக்கு ஒரு கொடூரமான கணக்கு உண்டு: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். 0.2 மில்லிமீட்டர் படலத்தைக் கடக்க ஆக்சிஜனுக்குச் சுமார் 10 விநாடி. 1 மில்லிமீட்டர் என்றால் 4 நிமிடம். 2 மில்லிமீட்டர் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல். நீர் வேகமாக ஓடினால் படலம் ஒல்லியாகும், மெதுவாக ஓடினால் தடிக்கும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் படலம் ஏறக்குறையப் பாதியாகும். நாம் நின்று பார்த்தால் தெரியாத ஒரு மில்லிமீட்டருக்குள் பவளத்தின் உயிர் பேரம் பேசப்படுகிறது.

1995-இல் ஆய்வாளர் மைக்கேல் கூலும் அவருடைய சகாக்களும் முடியை விட மெல்லிய முனை கொண்ட உணரிகளைப் பவளத்தின் தோல்மேல் இறக்கி அளந்தார்கள். வெளிச்சத்தில் தோலை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் இயல்பான நிறைவைப்போல இரண்டரை மடங்கு இருந்தது. விளக்கை அணைத்ததும் அது விழுந்து, நிறைவில் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. ஒரே இடம், ஒரே உயிர், சில நிமிட இடைவெளி. அரை அடி தள்ளி அளந்திருந்தால் தண்ணீர் எந்த மாற்றமும் இல்லாத சாதாரணக் கடல்நீராகத்தான் தெரிந்திருக்கும். பகலில் திணறும் அளவு மிகுதி, இரவில் மூச்சடைக்கும் அளவு பஞ்சம்: பவளம் தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது.

இரவுப் பஞ்சம் ஆபத்து என்பது எளிதில் புரியும். பகல் மிகுதி ஏன் ஆபத்து? நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யும்போது ஆக்சிஜன் கழிவாக வருகிறது. அது வெளியேறாமல் தேங்கினால், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய நொதி ஆக்சிஜனைப் பிடித்துவிடும்; வேலை வீணாகும். செங்கடல் ஓரத்து ஏலாத்தில் டாலி மாஸும் அமட்சியா ஜெனினும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நீரோட்டம் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுவதற்கு முக்கியக் காரணம் உணவை உள்ளே கொண்டுவருவது என்றுதான் அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். தேங்கிய ஆக்சிஜனை வெளியே கொண்டுபோவதே பெரிய காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். குப்பையை அள்ளிச் செல்வது சோறு கொண்டுவருவதை விட முக்கியம் என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி.

பவளம் இதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. பவளத்தின் தோலில் குறுஇழைகள் என்னும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை அழுக்கைத் தள்ளத்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. 2014-இல் ஓர் ஷப்பீரோ, விசென்டே பெர்னாண்டஸ், அசாப் வார்டி, ரோமன் ஸ்டாக்கர் ஆகியோரின் குழு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த இழைகள் சேர்ந்தடித்துச் சிறு சிறு நீர்ச்சுழல்களை உண்டாக்குவது தெரிந்தது. சுழல்கள் தோலிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை எட்டின. அடியிலுள்ள நீரை மேலேயும் மேலுள்ள நீரைக் கீழேயும் புரட்டின. அசையாத நீரில் பவளம் தன் எல்லைப்படலத்தைத் தானே கிளறிக்கொள்கிறது. செனியா வகை மென்பவளங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், விரல்களை மூடித் திறந்து மூடித் திறந்து நாள் முழுக்கத் துடிக்கின்றன. இவ்வளவு சக்தியைச் செலவழித்து எதற்குத் துடிக்கின்றன என்று நெடுநாள் புரியாமல் இருந்தது. ஆக்சிஜனைத் தள்ளிவிடத்தான் என்று 2013-இல் காட்டினார்கள்.

ஜெனின் சேர்ந்து பணியாற்றிய இன்னொரு குழு இரவில் கண்டது இதையெல்லாம் விட அழகு. செங்கடலில் டாசில்லஸ் என்ற சிறு மீன்கள் இரவு உறங்கக் கிளைப்பவளத்தின் நடுவே நுழைந்துகொள்ளும். உறங்கும்போதும் அவற்றின் துடுப்புகள் ஓய்வதில்லை. விழித்திருக்கும்போது அடிப்பதை விட வேகமாக அடிக்கின்றன. அந்த அசைவில் கிளைகளுக்குள் தேங்கிய நீர் மாறி, பவளத்துக்கு இரவு முழுக்க ஆக்சிஜன் கிடைக்கிறது. மீனுக்குப் பாதுகாப்பான வீடு, வீட்டுக்கு மூச்சு. தொட்டிக்காகவோ அலங்காரத்துக்காகவோ இந்த மீன்களைப் பிடித்துவிட்டால் பவளம் இழப்பது என்ன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

சூட்டில் பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெள்ளையாவதைத்தான் வெளிறுதல் என்கிறோம். இந்த மில்லிமீட்டர் கதை அதோடு எங்கே சேர்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 1998-இல் எல் நினோ கடல்களைச் சூடாக்கியபோது, ஆய்வாளர் ரோஹன் ஆர்தர் மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் கட்ச் வளைகுடாவிலும் ஆய்வு செய்தார். மன்னார் வளைகுடாவின் பவளப் பரப்பில் 89 சதவீதம் வெளிறியிருந்தது. 23 சதவீதம் இறந்தது. 2010-இல் மீண்டும் வெளிறியது. 2016-இல் மறுபடியும். அந்த ஆண்டு கோடையில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குச் சரிந்தது. எண்களைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும்: ஒரே சூட்டில், ஒரே கடலில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பவளங்களில் ஒன்று செத்து ஒன்று பிழைப்பது எப்படி?

அதே 1998 வெளிறுதலை ஒட்டி ஜப்பானின் ஓக்கினாவாவில் தகாஷி நாகமுராவும் ராபர்ட் வான் வூசிக்கும் இதைத் தொட்டிகளில் சோதித்தார்கள். ஒரே வகை அக்ரோபோரா, ஒரே வெயில், ஒரே சூடு. ஒரு தொட்டியில் நீர் விநாடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. இன்னொன்றில் 50 முதல் 70 சென்டிமீட்டர். மெதுவான நீரிலிருந்த பவளங்கள் வெளிறி ஏராளமாக மடிந்தன. வேகமான நீரிலிருந்தவை பிழைத்தன. சூடும் வெயிலும் சேர்ந்து தாக்கும்போது பாசிகளின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் கோளாறாகி, ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் உண்டாகின்றன. ஓடும் நீர் அவற்றைக் கரைத்து அடித்துச் செல்கிறது. தேங்கிய நீரில் அவை உள்ளேயே நின்று சதையை எரிக்கின்றன. வெப்பமானி காட்டும் எண் பாதிக் கதைதான் என்று இந்தச் சோதனை எனக்குச் சொல்கிறது. மீதிப் பாதியை நீரோட்டமானி சொல்ல வேண்டும்.

தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இதை ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்பே கையால் உணர்ந்தவர்கள். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, மணல், மெல்லிய காற்றுக் குமிழ்கள், இவற்றை மட்டும் வைத்துக் கடல் உயிர்களை வளர்க்கும் முறையை எழுதினார். குமிழ்கள் மேலே எழும்போது நீரையும் தூக்கிச் சென்றன, அதுதான் ஓட்டம். பின்னர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஆடி ஒரு சிறு பவளத்திட்டையே கட்டடத்துக்குள் வளர்த்தார். நிறைந்ததும் தானாகக் கவிழும் வாளிகளை வைத்து அதற்கு அலை கொடுத்தார். அலைக்காக அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே திசையில் ஓடும் நீர் பவளத்துக்குப் போதாது. முன்னும் பின்னும் ஊசலாடும் நீர் எல்லைப்படலத்தை நிலைக்க விடாமல் குலைத்துக்கொண்டே இருக்கும். கிளைகளின் பின்பக்கத்திலும் புதுநீர் படும்.

இப்போதைய தொட்டிகளில் வேவ் மேக்கர் என்ற சிறு விசிறிப் பம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 4,000 லிட்டர், அதாவது 20 மடங்கு என்று கடைகளில் சொல்வார்கள். அந்த எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. பம்பு எவ்வளவு தள்ளுகிறது என்பது பம்பின் சங்கதி; பவளத்தின் தோலுக்கு எவ்வளவு வேகம் போய்ச் சேருகிறது என்பதே கேட்க வேண்டியது. மிதக்கும் ஒரு உணவுத் துணுக்கு பவளத்தின் அருகே 10 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு விநாடி எடுத்தால், அங்கே வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர். ஐந்து விநாடி எடுத்தால் 2 சென்டிமீட்டர். ஓக்கினாவாவில் பவளம் செத்த வேகம் அது. ஒரே தொட்டியில் இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும்.

தொட்டியின் ஓட்டத்தில் மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் யாரும் திட்டமிடாத இடத்திலிருந்துதான். பம்பின் இறக்கையில் சுண்ணாம்பும் பாசியும் படிந்து ஓட்டம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அது கண்ணுக்குத் தெரியாது. முதலில் பவளத்தின் உணர்நீட்சிகள் முழுதாக விரியாமல் போகும். பிறகு கிளைகளின் அடியில் அழுக்கு தங்கும், அங்கே சதை விலகி வெள்ளை எலும்பு தெரியும். ஒருநாள் பம்பைக் கழற்றிப் புளிக்காடியில் ஊறவைத்துக் கழுவி மாட்டியதும், பழைய முழு வேகம் ஒரே அடியாகத் திரும்பிப் பவளத்தின் மேல் பாயும். நேராக அடிக்கும் பீய்ச்சு சதையை எலும்பிலிருந்து உரித்துவிடும். ஆகவே கழுவிய பம்பைக் குறைந்த வேகத்தில் தொடங்கி, கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பும்படி வைத்து, மெல்லக் கூட்ட வேண்டும். மின்வெட்டு இன்னொரு வகை. பம்பு நின்ற இரவில், 1995-இல் உணரி காட்டிய அந்த 2 சதவீதம் தொட்டி முழுவதையும் நோக்கி நகரும். மின்கலத்தில் ஓடும் ஒரு சிறிய காற்றுப் பம்பு அந்த நேரத்தில் விலை உயர்ந்த விளக்குகள் எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது.

இன்னொரு மாற்றம் பவளமே கொண்டுவருவது. வளர வளர அதன் கிளைகள் நீரை மறிக்கும். உள்கிளைகளுக்கு ஓட்டம் குறையும். கடலில் போசிலோபோரா இதற்கேற்ப உருவத்தை மாற்றிக்கொள்கிறது: அலை மோதும் இடத்தில் கட்டையான, நெருக்கமான கிளைகள், அமைதியான நீரில் நீண்டு மெலிந்த, இடைவெளி விட்ட கிளைகள். ஒரே இனம்தான், பார்ப்பவர் இரண்டு இனம் என்று நினைப்பார். அமைதியில் வளர்ந்த கிளையை அலைக்குள் வைத்தால் முறியும். அலையில் வளர்ந்ததை அமைதியில் வைத்தால் நெருக்கமான நடுப்பகுதி மூச்சு முட்டும். தொட்டிக்குள் ஒரு பவளத்தை இடம் மாற்றினால் அது வாரக்கணக்கில் முகம் சுருங்கிக் கிடப்பதன் பொருள் இதுதான்: உடல் வேறொரு நீருக்காகக் கட்டப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் ஒரு பவளத் தொட்டி வைக்கலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் கடலின் கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் தொட்டி கற்றுக்கொடுத்த பாடத்தைக் கடலுக்கு எடுத்துப் போவதை யாரும் தடுக்கவில்லை.

ராமேசுவரம் தீவின் இருபுறமும் இரண்டு கடல். மீனவர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். வாடை வந்தால் நிலைமை தலைகீழ். கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும் வாரங்களில்தான் இங்கே வெளிறுதல் தொடங்குகிறது. அந்த வாரங்களில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பவளத்தின் தோல்மேல் படலம் தடிக்கும் அல்லது மெலியும். வண்டல் கலங்கலும் இதே கணக்கில் வரும். ஓட்டமுள்ள நீரில் தோலில் விழும் மண்ணைப் பவளம் சளியோடு சேர்த்துத் தள்ளிவிடும். ஓட்டம் இல்லாவிட்டால் மண் அங்கேயே அமர்ந்து மூடிவிடும். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று எண்ணுவது வழக்கம். 1986-இல் அவற்றைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்த 21-இல் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்ததன் விளைவு.

கல் போனதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. கல்லோடு நீரின் ஒழுங்கும் போனது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைத்துவிடுகிறது. திட்டின் முகட்டில் அலை உடைந்து, கிளைகளுக்கு நடுவே புகுந்து, பின்பக்கம் மெல்லிய ஓட்டமாகி வெளியேறும். முகட்டை வெட்டிவிட்டால் அலை நேராகத் தீவில் மோதி மணலை அரிக்கும். அரித்த மணல் கலங்கி, எஞ்சியிருக்கும் பவளத்தின் மேல் போய் விழும். ஒருபுறம் அளவுக்கு மீறிய வேகம், மறுபுறம் மண் மூடிய தேக்கம். தொட்டியில் பம்பைத் தப்பாக வைத்தால் நேர்வதைத்தான் நாம் தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் செய்துவைத்தோம்.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு இப்படிப் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மறையும் நிலைக்கு வந்தது. 2015 முதல் அதன் கடல் பக்கமாகக் கான்கிரீட் கட்டமைப்புகளை வரிசையாக இறக்கினார்கள். அவற்றை முழுச் சுவராகக் கட்டவில்லை. ஒவ்வொன்றிலும் துளைகள் விட்டார்கள். சுவர் அலையைத் தடுத்திருக்கும், ஆனால் அதன் பின்னால் நீர் நின்றுபோய் வண்டல் படிந்திருக்கும். துளையுள்ள கட்டமைப்பு அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு, மீதியை உள்ளே விடுகிறது. தீவின் மணல் திரும்பச் சேரத் தொடங்கியது. கான்கிரீட்டின் மேல் மீன்கள் கூடின, பவளக் குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டன. தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2002 முதலே கடலடியில் சட்டங்களை வைத்து அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்து வருகிறார்கள். அப்படி ஒரு சட்டத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது ஆழத்தையும் வெப்பத்தையும் அளப்பதுபோல அந்த இடத்தின் நீரோட்டத்தையும் ஆண்டு முழுக்க அளந்து பார்க்க வேண்டும். வாடைக் காலத்தில் நல்ல இடம் கோடையின் காற்றில்லாத வாரங்களில் மூச்சடைக்கும் இடமாக இருக்கலாம்.